கரடி வந்த மத்தியானம்

வாசல் படலைத் தள்ளித் திறக்கும் சத்தம் கேட்டது. நான் அட்டாலி மேல் குந்தி உட்கார்ந்து, பானையிலிருந்து முறத்தில் சாமை அள்ளிக்கொண்டிருந்தேன்.

அட்டாலி என்பது கூரைக்குக் கீழே மூங்கிலை நெருக்கிக் கட்டிய பரண். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. ஈரம் படக்கூடாத தானியமும் உப்பும் அங்கேதான் இருக்கும். ஏணி சாத்தித்தான் ஏற வேண்டும்.

வந்தது என் வீட்டுக்காரர்தான் என்று நினைத்தேன். காலையில் எங்களுக்குள் பெரிய சண்டை. அவராக வாய் திறக்கும்வரை நான் பேசுவதில்லை என்று வீம்பாக இருந்தேன். அதனால் "வந்துட்டீங்களா?" என்று கேட்கவில்லை. முறத்தைக்கூட அசைக்காமல் பிடித்துக்கொண்டேன்.

கீழே ஒரு பலாப்பழம் பிளக்கும் சத்தம். அப்புறம் சர், சர்ரென்று எதையோ உறிஞ்சும் சத்தம். சண்டையே அந்தப் பழங்களால் வந்ததுதான். என்னைச் சீண்டுவதற்கென்றே இப்படிச் சத்தம் போட்டுத் தின்கிறார் என்று நினைத்தேன். கோபத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த நாற்றம் மேலே ஏறி வந்தது.

நனைந்து காயாத கம்பளியும் புழுத்த மண்ணும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம். மனுஷ நாற்றம் இல்லை அது. என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மேலே சொல்வதற்கு முன், நான் அந்த வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் எழுதியதை என் கல்யாணப் பந்தலோடு நிறுத்தியிருந்தேன் அல்லவா?

கட்டில் கால் ஆடிய வீடு

நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் காளப்பநாயக்கன்பட்டியில்தான். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இரண்டு தெருதான் தூரம். எந்தத் தெருவில் நின்று வடக்கே பார்த்தாலும் கிழக்கே பார்த்தாலும் கொல்லிமலை கண்ணில் படும். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த மலையை ஆசையாகப் பார்த்து நான் கண்டதில்லை. எங்களுக்கு அது காய்ச்சல் இருக்கும் இடம்.

நான் பாவாடை கட்டிய வயதில், எங்கள் தெருவில் காட்டிலாகா ஊழியர் ஒருத்தர் குடியிருந்தார். மலையில் கொஞ்ச நாள் தங்கிவிட்டு வந்தார். வந்த பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், சரியாக மத்தியானத்தில், அவருக்குக் குளிர் வந்துவிடும். சித்திரை வெயில் தெருவில் கொளுத்திக்கொண்டிருக்கும். அவர் வீட்டுக்குள் கம்பளிமேல் கம்பளியாகப் போர்த்திக்கொண்டு நடுங்குவார். நடுக்கத்தில் கட்டில் கால் தரையில் கடகடவென்று அடிக்கும். தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த நாங்கள் அந்தச் சத்தம் கேட்டதும் ஆட்டத்தை நிறுத்திவிடுவோம். ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்கவில்லை. அவர் போய்விட்டார் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட மலையில் கடை வைத்திருந்த ஒருவருக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சிற்றூர். பத்துப் பதினைந்து வீடு இருக்கலாம். உப்பு, சீமெண்ணெய், புகையிலை, தீப்பெட்டி, கருவாடு, இவ்வளவுதான் கடை. மலைக்காரர்கள் அதற்கு ஈடாக மிளகும் தேனும் பலாப்பழமும் கொடுப்பார்கள். அவற்றை ஆள் வைத்துத் தலைச்சுமையாக இறக்கி, எங்கள் ஊர் மண்டியில் போடுவார். அந்தக் காலத்தில் மலைக்கு ரோடு ஏது, பஸ் ஏது? கல்லும் வேரும் கிடக்கிற ஒற்றையடித் தடம்தான்.

கல்யாணமான முதல் கோடையில் அத்தை என்னைக் கூப்பிட்டார். அத்தை என்றால் என் மாமியார்.

"அவன் அங்க தனியாக் கஞ்சி காச்சிக் குடிச்சுட்டுக் கெடக்கறான். நீயும் போய் இரு கண்ணு. மழ புடிச்சதும் ரெண்டு பேரும் எறங்கி வந்துருங்க" என்றார்.

என் அம்மா மூட்டை கட்டும்போது என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே பார்த்தாள்.

நெற்றியும் புறங்கையும்

கீழே வெயிலில் பொரிந்துகொண்டிருந்த ஊரிலிருந்து மேலே போனால் அங்கே காலையில் மூடுபனி. எதிர்வீடு தெரியாது. கோடையில் குளிர்கிறதே என்று மற்றவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கு ஒவ்வொரு தடவை உடம்பு சிலிர்க்கும்போதும், இதுதான் அதுவோ என்று நெஞ்சு திடுக்கென்றது.

காலையில் சுனைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருவேன். பக்கத்து வீட்டுக் குப்பாயக்கா துணைக்கு வருவார். நடுத்தர வயது, வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிற ஆள். அவர் புருஷன் சடையண்ணன்தான் எங்களுக்குச் சுமை இறக்குகிறவர். போகிற வழியில் ஒரு சருகு அசைந்தாலும் நான் நின்றுவிடுவேன். "அது ஓணானுங்க சாமி" என்று குப்பாயக்கா முன்னால் போவார்.

வந்து சாமை குத்துவேன், சோறாக்குவேன். மத்தியானத்துக்கு மேல் கடைக்கு ஆட்கள் வருவார்கள். உப்பை அளந்து கொடுப்பேன். சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் என் புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்ப்பேன். அப்புறம் திருநீறு பூசுகிற சாக்கில் அவர் நெற்றியிலும் வைத்துப் பார்ப்பேன். கொஞ்ச நாளில் அவருக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. திருநீறு எடுக்கும்போதே, "சுடுதா? பாத்துச் சொல்லு புள்ள" என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

அவருக்குப் பயம் என்பதே கிடையாது. காய்ச்சலுக்கான கொயினா மருந்தைத் தண்ணீர் இல்லாமல் மென்று தின்றுவிட்டு, என்னைச் சிரிக்கவைக்க முகத்தைக் கோணிக் காட்டுவார். எந்தக் காட்டுத் தடத்திலும் தனியாகப் போவார். நாக்கை மடித்துச் சீழ்க்கை அடித்துக்கொண்டேதான் வருவார். தூரத்தில் சீழ்க்கை கேட்டதும் நான் அடுப்பில் விறகைத் தள்ளிவிடுவேன். அவர் வந்து கால் கழுவும்போது சோறு சூடாக இருக்கும்.

நல்ல மனுஷர். பலாப்பழம் அறுத்து என் கையெல்லாம் பால் பிசுபிசுத்துக் கிடந்தால், விளக்கெண்ணெயைச் சூடாக்கி, ஒவ்வொரு விரலாக உருவித் துடைத்துவிடுவார். அந்த நேரத்தில் மட்டும் எனக்குக் காய்ச்சலும் நினைவுக்கு வராது, காடும் நினைவுக்கு வராது.

காலைச் சண்டை

வைகாசி பிறந்ததும் பலா பழுக்கத் தொடங்கியது. மரத்திலேயே விட்டால் குரங்கும் அணிலும் விடாது. காயாகவே வெட்டி, வீட்டுக்குள் சுவரோரமாக அடுக்கிச் சாக்குப் போட்டு மூடினார். அரைப் பழமானதும் மண்டிக்கு அனுப்புவதாகத் திட்டம். வாசனை வீடு முழுவதும் நிறைந்துவிட்டது. தலைமுடியில், பாயில், குடிக்கிற தண்ணீரில்கூட அந்த வாசனைதான்.

குப்பாயக்கா ஒரு நாள் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "ஏனுங்க, பழத்த ஊட்டுக்குள்ளயா வெச்சிருக்கறீங்க? கீழக் காட்டுல குட்டிக் கரடி ஒண்ணு ஆயியோட சுத்துதுன்னு எங்க ஊட்டுக்காரரு பாத்துட்டு வந்து சொன்னாரு. கொண்டுபோயி அக்கட்டால இருக்கற சாளைக் கொட்டாய்ல போடுங்க" என்றார்.

"கரடிக்கு எங்க ஊட்டு வழி தெரியுமாக்கா? தெரிஞ்சு வந்தா உப்பு வாங்கிட்டுப் போவட்டும்" என்று இவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையில் கேட்டேன்.

"இது ஊடா, மண்டியா? இன்னிக்கே பழத்த வெளிய போடுங்க."

"வெளிய போட்டாக் களவு போவும்."

"போனாப் போவுது. கரடி வந்தா?"

"எப்பப் பாத்தாலும் பயம். காச்சலுக்குப் பயம், ஓணானுக்குப் பயம், இப்பக் கரடிக்குப் பயம். இத்தன பயத்த வெச்சுக்கிட்டு எதுக்கு மலையேறி வந்த? பேசாம உங்கப்பன் ஊட்டுக்கே போயிரு."

விளையாட்டாகச் சொன்னாரோ, கோபமாகச் சொன்னாரோ. எனக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. நான் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். அப்புறம் வெறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து ஊருக்கு மிளகு வாங்கப் போய்விட்டார். அன்று சீழ்க்கை அடிக்காமல் போனார்.

மூங்கில் சந்தில் தெரிந்தது

இனி அட்டாலிக்கு வருகிறேன்.

நாற்றம் ஏறியதும் மெல்லக் குனிந்து, மூங்கில் சந்து வழியாகப் பார்த்தேன். கீழே இருட்டு. அந்த இருட்டில் இன்னொரு இருட்டு அசைந்தது. கறுப்பாக, சடைசடையாக மயிர். முதுகு அலையலையாக ஆடியது. முகம் பழத்துக்குள் புதைந்திருந்தது. அதன் பக்கத்தில் நாய்க்குட்டி அளவில் இன்னொன்று, பலாச் சக்கையைக் காலில் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு உடம்பில் ஒரு இடமும் என்னுடையதாக இல்லை. கை முறத்தைப் பிடித்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முறம் நடுங்கி, சாமை ஒன்றிரண்டாக மூங்கில் சந்தில் விழ ஆரம்பித்தது. முறத்தை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். மூச்சை விட்டால் கேட்டுவிடும் என்று மூச்சை அடக்கினேன்.

தின்றுவிட்டுப் போய்விடும், தின்றுவிட்டுப் போய்விடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதுவோ அடுத்த பழத்தைப் பிளந்தது.

குட்டிக்குச் சக்கை சலித்துவிட்டது போல. ஏணியை முகர்ந்தது. முன்னங்கால் இரண்டையும் ஏணியில் வைத்தது. ஒரு படி ஏறியது. இன்னொரு படி ஏறியது. அதன் வெளுத்த மூக்கு என்னை நோக்கி வந்தது. குட்டி மேலே வந்தால் தாயும் வரும். எனக்குப் பின்னால் கூரைதான் இருந்தது.

குட்டி அசைந்த அசைப்பில் ஏணி சரிந்தது. குட்டி கீழே விழுந்து வீலென்று கத்தியது.

தாய்க்கரடி பின்னங்காலில் எழுந்து நின்றது. அவ்வளவு உயரமாக இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. உறுமிக்கொண்டே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி முகர்ந்தது. அதன் மூச்சு மூங்கில் சந்து வழியாக என் உள்ளங்காலில் சூடாகப் பட்டது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். குலதெய்வத்தின் பேரைக்கூட நினைக்க முடியவில்லை.

பழ வாசனையில் என் வாசனை அதற்குத் தெரியவில்லையோ என்னவோ. தொப்பென்று முன்னங்காலை ஊன்றி, மறுபடியும் பழத்துக்குப் போனது.

அந்த நேரத்தில்தான் தூரத்தில் சீழ்க்கைச் சத்தம் கேட்டது.

வராத குரல்

கோபம் தணிந்து வருகிறார் என்று சீழ்க்கையைக் கேட்டதுமே தெரிந்தது. என்னைச் சமாதானப்படுத்தத்தான் அவ்வளவு தூரத்திலிருந்தே அடிக்கிறார். நேராக வந்து, படல் திறந்திருப்பதைப் பார்த்து, சிரித்துக்கொண்டே குனிந்து உள்ளே நுழைவார். அந்த வாசலில் குனியாமல் யாரும் நுழைய முடியாது. குனிந்த தலைக்கு நேரே அது இருக்கும்.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

மறுபடியும் திறந்தேன். ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. கனவில் கத்த முடியாமல் போகுமே, அப்படி.

திரும்பிக் கூரைப் புல்லை இரண்டு கையாலும் பிடுங்கினேன். காய்ந்த புல் கையைக் கீறியது. தலை நுழைகிற அளவுக்கு ஒரு பொத்தல் விழுந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. தடத்தின் வளைவில் அவர் தெரிந்தார். தோளில் மிளகு மூட்டை, கையில் எனக்காகப் பறித்த ஏதோ ஒரு பூங்கொத்து.

கைக்கு அகப்பட்டதையெல்லாம் எடுத்து வெளியே வீசினேன். முறம் போனது. உப்புச் சட்டி போய் உடைந்தது. பித்தளைச் சொம்பு வாசலில் விழுந்து கணகணவென்று உருண்டு ஓடியது. கீழே உறிஞ்சும் சத்தம் நின்றுவிட்டது. கரடி தலையைத் தூக்கிக் காது கொடுத்துக் கேட்கிறது என்று பார்க்காமலே தெரிந்தது.

அவர் நின்று பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்தார்.

"ஏ புள்ள! இன்னும் கோவம் ஆறலியா? சட்டி பானையெல்லாம் பறக்குது!" என்றார். குனிந்து சொம்பை எடுத்துக்கொண்டார். "நாந்தான் தப்பு. பழத்த இன்னிக்கே வெளிய போட்டர்றேன். எறங்கி வா" என்று சொல்லிக்கொண்டே வாசலை நோக்கி நடந்து வந்தார்.

நான் பொத்தலில் தலையை நுழைத்துக் கையை ஆட்டினேன். அதையும் கோபம் என்றுதான் நினைத்தார். நான்கு எட்டு வைத்தால் வாசல்.

'ஏனுங்க, வராதீங்க' என்று சொல்லத்தான் என் வாய் துடித்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"நாச்சிமுத்தூ!"

அது அவர் பேர். ஓர் 'ங்க' இல்லை, மரியாதை இல்லை. வழி தப்பிய மாட்டை அதட்டுவதுபோல ஒரு கத்தல்.

இந்தக் காலத்துப் பெண்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. அன்று புருஷன் பேரைச் சொல்வது என்பது நினைக்க முடியாத காரியம். என் அத்தை பழனி என்ற ஊர்ப்பேரைக்கூடச் சொல்லமாட்டார். என் மாமனார் பேர் பழனியப்பன் என்பதால் 'முருகன் மலை' என்றுதான் சொல்வார். பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். எடுத்து வைத்த கால் மண்ணில் படாமல் நின்றது என்றே எனக்கு நினைவு. சிரிப்பு போய்விட்டது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த படலைப் பார்த்தார்.

கரடி வெளியே பாய்ந்தது.

அவர் திரும்பி ஓட ஒரு கணம் கிடைத்தது. அந்த ஒரு கணம்தான் கிடைத்தது. பின்னாலிருந்து அறைந்தது. முதல் அறையை மிளகு மூட்டை வாங்கிக்கொண்டது. அடுத்தது தோளிலும் பின்மண்டையிலும் விழுந்தது. அவர் குப்புற விழுந்தார். குட்டி கத்திக்கொண்டே வெளியே ஓடிவந்து தாயின் முதுகில் தாவி ஏறியது. அது ஏறியதும் கரடி அவரை விட்டுவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

நான் அட்டாலியிலிருந்து குதித்தேன். வாசலெல்லாம் மிளகு சிதறிக் கிடந்தது. அதில் வழுக்கி விழுந்து எழுந்து, அவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் காதுக்குப் பின்னால் தோல் கிழிந்து தொங்கியது. ரத்தத்தில் மிளகு மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு அழுதேன். இப்போது குரல் தாராளமாக வந்தது.

தடம் இறங்கியது

சடையண்ணனும் குப்பாயக்காவும் ஓடிவந்தார்கள். மஞ்சளையும் ஏதோ பச்சிலையையும் அரைத்து அப்பிக் கட்டினார்கள். இப்போது இறங்கினால் பாதி வழியில் இருட்டிவிடும், விடியட்டும் என்றார் சடையண்ணன். அந்த இரவைப் பற்றி எழுத எனக்கு இன்றும் மனசில்லை.

விடிந்ததும் கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி, அதில் அவரைப் படுக்கவைத்து, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து இறக்கினார்கள். நான் பின்னாலேயே போனேன். செங்குத்தான இடங்களில் தூளி பாறையில் இடித்துவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் என் உடம்பு சுருங்கியது. தூளிக்கு வெளியே அவர் பாதம் தெரிந்தது. அது அசைந்தால் எனக்கு உயிர் வந்தது. அசையாவிட்டால் தொட்டுப் பார்த்தேன். முதலில் சில்லென்று இருந்தது. பாதி மலை இறங்கும்போது சுட்டது. இத்தனை நாள் பயந்த காய்ச்சல் வந்துவிட்டது, வேறு வழியாக.

குப்பாயக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எங்கள் வீட்டிலிருந்து நான் போட்ட கத்தல் அவர் காதில் விழுந்திருந்தது.

"ஏஞ்சாமி, ஊட்டுக்காரரு பேரயா சொல்லிக் கத்துனீங்க?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. வியப்பாகக் கேட்டார். "ஆயுசு கொறைஞ்சுபோவும்பாங்களே."

அதற்குப் பிறகு அவர் வேறு ஏதேதோ பேசினார். என் காதில் எதுவும் விழவில்லை. கரடியின் நகத்துக்கு மருந்து போட்டாயிற்று. என் வாய்க்கு என்ன மருந்து? அவர் செத்துப்போனால் கரடியால் இல்லை, என்னால்தான் என்று அந்தத் தடத்தில் எனக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டுதான் மீதி மலையை இறங்கினேன்.

அத்தை கேட்டது

காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து அவரைக் கிடத்தினார்கள். எங்கள் சரக்கை வாங்குகிற மிளகு மண்டி ராவுத்தர் விஷயம் கேள்விப்பட்டதும் தன் குதிரை வண்டியைச் சேந்தமங்கலத்துக்கு அனுப்பி, கம்பவுண்டர் ஒருவரை அழைத்துவரச் செய்தார். அவர் காயத்தைக் கழுவித் தையல் போட்டார். "சுரம் எறங்கோணும். எறங்கிட்டாப் பொழச்சுக்குவாரு" என்று மட்டும் சொன்னார். எறங்காவிட்டால் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

சுரம் இறங்கவில்லை. கண்ணைத் திறக்காமல் கிடந்தார். அத்தை அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, "சாமி, கண்ணு, ஆத்தா வந்திருக்கறேன் பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் முனகினாரே தவிர முழிக்கவில்லை. நான் ஈரத்துணி நனைத்துக் கொடுப்பேன், அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர் பக்கத்தில் உட்காரப் பயம். நான் அருகே இருந்தாலே அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றியது.

சடையண்ணன் பார்க்க வந்திருந்தார். தெருச் சனம் கூடிக் கேட்டபோது, நடந்ததைக் கதையாகச் சொன்னார். "அந்தம்மா மட்டும் பேரச் சொல்லிக் கூப்புடலீன்னா, நேரா உள்ளாற போயிருப்பாருங்க. பேரக் கேட்டதும் நின்னாரு பாருங்க, அதுல பொழச்சாரு."

கூட்டத்தில் சில பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து புழக்கடைக்குப் போய்விட்டார். முடிந்தது, இன்றைக்கே என்னை என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பினால் அவராவது பிழைப்பாரோ என்றும் நினைத்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு அத்தை வந்து என் கையைப் பிடித்தார். முகம் கழுவியிருந்தார். என்னை அவர் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

"இன்னொருக்கா கூப்புடு கண்ணு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நானும் மூணு நாளாக் கூப்புடறேன், முழிக்க மாட்டீங்கறான். நீ கூப்புட்டா நிக்கறானாமா. கூப்புடு."

"அத்தே, ஆயுசு..." என்றேன். அதற்குமேல் வரவில்லை.

"ஆயுசு இருந்தாத்தான கொறையறதுக்கு? மொதல்ல அவன் கண்ணத் தொறக்கட்டும். கூப்புடு."

அத்தை என் கையை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தார். வாழ்நாள் முழுக்க ஓர் ஊர்ப்பேரைக்கூட வாயில் எடுக்காத அந்த அம்மாளுக்கும் என் அளவுக்குப் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் குனிந்து, மருந்து நாற்றம் அடித்த அந்தக் காதுக்குப் பக்கத்தில், மெல்ல அவர் பேரைச் சொன்னேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி அத்தை கேட்கவில்லை. சொல்ல எனக்கும் தெம்பு இல்லை. அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் காலையில் அவருக்கு வியர்த்தது. நெற்றியில் புறங்கையை வைத்தேன். என் கையைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. செத்துப்போய்விட்டார் என்று நினைத்து அலறப் போனேன். அதற்குள், "தண்ணி குடு புள்ள" என்றார்.

கம்பவுண்டர் தன் மருந்து என்றார். சடையண்ணன் தன் பச்சிலை என்றார். அத்தையோ, நான் தண்ணீர் கொண்டுபோனபோது சொம்பை என் கையிலிருந்து வாங்காமல், நானே கொடுக்கட்டும் என்று தள்ளி நின்றுகொண்டார்.

வாசலில் நின்றவர்

மழைக்காலம் முடியும்போதுதான் காயம் ஆறியது. தை பிறந்த பிறகு மறுபடியும் மலைக்குப் போனோம். எனக்குப் போக மனசே இல்லை. ஆனால் கடையை விட்டால் வேறு பிழைப்பும் இல்லை. சடையண்ணன் கூரையைப் புதிதாக வேய்ந்து வைத்திருந்தார்.

வழியெல்லாம் அவர் சீழ்க்கை அடிக்கவே இல்லை. நான் படலைத் திறந்து உள்ளே போனேன். பெருக்கினேன், அடுப்பை மூட்டினேன். திரும்பிப் பார்த்தால் அவர் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, அங்கயே நின்னுட்டீங்க?"

"உள்ள ஒண்ணுமில்லியே?"

"ஒண்ணுமில்லீங்க."

"நல்லாப் பாத்தியா?"

நான் மூலைகளைப் பார்த்தேன். அட்டாலியைப் பார்த்தேன். "பாத்துட்டேன். வாங்க" என்றேன். பிறகுதான் குனிந்து உள்ளே வந்தார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. காட்டுக்குப் போய் வந்தாலும், சந்தைக்குப் போய் வந்தாலும், வாசலுக்கு வெளியே நிற்பார். நான் 'வாங்க' என்று சொன்னால்தான் நுழைவார். சில வருஷம் கழித்து மலையை விட்டு இறங்கி, சேந்தமங்கலத்தில் கடை போட்டோம். ஓட்டு வீடு, இரண்டு பக்கமும் வீடுகள், தெருவில் சதா ஆள் நடமாட்டம். அங்கேயும் அப்படித்தான். பொண்டாட்டி கூப்பிடாமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார், அவ்வளவு மரியாதை என்று தெருப் பெண்கள் தங்கள் புருஷன்மாருக்கு அவரைக் காட்டிப் பேசினார்கள். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். நானும் கரடிக் கதையை எடுத்ததில்லை.

தலை நரைத்த பிறகு ஒரு நாள், கொட்டுகிற மழையில் குடை இல்லாமல் வந்து சேர்ந்தார். நான் புழக்கடையில் இருந்தேன், கவனிக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. நான் முன்கட்டுக்கு வந்தபோது, கதவு விரியத் திறந்திருக்க, தெருவில் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றிருந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

நானும் சிரித்துக்கொண்டுதான் வாசலுக்குப் போனேன். ஆனால் 'வாங்க' என்று சொல்வதற்கு முன், வழக்கம்போல வீட்டுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.